முடிப்பாசியும் நல்ல தண்ணீர்க் கிணறும்

ராணிப்பேட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் பிரியா போன மாதம் எனக்குப் போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முன்பு பழக்கிவிட்ட டெக்னீஷியன்களில் அவளும் ஒருத்தி. ரத்தப் பரிசோதனையில் ஏதோ சந்தேகம் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ மீன் தொட்டியைப் பற்றிக் கேட்டாள். அவள் கணவர் வீட்டில் கடல் மீன் வளர்க்கிறாராம்.

"கல்லு மேல எல்லாம் பச்சையா முடி மாதிரி வளருது மேடம். பிடுங்கிப் போட்டா ஒரே வாரத்துல திரும்ப வந்துடுது. இவரு ஒரேயடியா பேஜாராய்ட்டாரு. நீங்க அந்தக் காலத்துல ஒரு டாக்டர் வீட்டுத் தொட்டியில பாசி எடுத்திருக்கீங்கன்னு பழைய ஆளுங்க சொன்னாங்க."

"ஆவியாகிக் குறையுதே, அதுக்கு எந்தத் தண்ணிய ஊத்துறாரு?"

"போர் தண்ணிதான் மேடம்."

"மொதல்ல அத நிறுத்தச் சொல்லு. வீட்ல ஆர்.ஓ. மெஷின் இருக்கும் இல்ல, அந்தத் தண்ணிய ஊத்தச் சொல்லு. தீனியைக் கம்மி பண்ணச் சொல்லு. இருக்கிற பாசியக் கையால பிடுங்கிட்டே வரணும். பொறுமையா இருந்தா போய்டும்."

"அவ்ளோதானா மேடம்?" என்று சிரித்தாள்.

அவ்வளவுதான். ஆனால் அந்த நாலு வரியைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ஒரு குழந்தை இறந்துபோயிருந்தது. போனை வைத்த பிறகு நெடுநேரம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலூரில் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து வைத்துத் தலைவலி வந்ததும், சோதனைக் குழாய் கழுவிக் கழுவி விரல் வெடித்ததும்தான் நினைவிருக்கின்றன. உண்மையில் வேலை கற்றுக்கொண்டது டாக்டர் ஞானமுத்துவிடம்.

அவர் தெற்கே கடற்கரை ஊர்க்காரர். மனைவி இறந்த பிறகு இங்கே வந்தவர். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரும் அவர்தான், லேபுக்குப் பொறுப்பும் அவர்தான். துப்புரவு வேலை செய்பவர்கள் முதல் கமிட்டி அங்கத்தினர்கள் வரை எல்லோரையும் 'வாங்க', 'போங்க' என்றுதான் பேசுவார். லேபுக்குள் வந்தால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். அடுத்தவர் செய்துகொண்டிருக்கும் வேலையைத் தெரியாமல்கூடத் தொட்டுவிடக்கூடாது என்பதற்காக. ஒருவர் கொடுத்த முடிவு தவறு என்று தோன்றினால் தவறு என்று சொல்ல மாட்டார். சீட்டைத் திரும்ப மேசையில் வைத்து, "இன்னொரு தடவை பாருங்க" என்பார். அவ்வளவுதான்.

நான் சேர்ந்த புதிதில் தோல் ஷாப்பு ஒன்றில் மூட்டை தூக்கும் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலையை ஷாப்பு என்றுதான் சொல்வோம். அவர் கழுத்தில் ஒரு புண், நடுவில் கரிபோல் கறுத்திருந்தது. புண்ணிலிருந்து எடுத்ததைச் சாயமிட்டுப் பார்த்து, கிருமி ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். சீட்டு மேசைக்கே திரும்பி வந்தது. "இன்னொரு தடவை பாருங்க, எஸ்தர்." பார்த்தேன். ஸ்லைடின் ஓரத்தில், மூங்கில் துண்டுகளை வரிசையாக அடுக்கியது போல் அவை இருந்தன. ஆந்த்ராக்ஸ். பச்சைத் தோலிலிருந்து வந்தது. பெனிசிலின் போட்டும் அந்த மனிதர் பிழைக்கவில்லை, முற்றிய பிறகுதான் வந்திருந்தார். அன்றிலிருந்து நான் ஓரத்தைப் பார்க்காமல் ஸ்லைடை எடுத்ததில்லை.

டாக்டருக்கு இருந்த ஒரே ஆசை அந்த மீன் தொட்டி. குவார்ட்டர்ஸின் முன்னறையில் தேக்கு ஸ்டாண்டின் மேல் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. மேலே ஒரு டியூப் லைட். அடியில் சிப்பி நொறுக்கும் பவளத் துண்டுகளும். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், நீலத்தில் சில குட்டி மீன்கள், பூப்போல விரிந்து சுருங்கும் ஒரு கடல் சாமந்தி, கண்ணாடியில் ஊரும் நத்தைகள். தெற்கே இருந்த அவர் தம்பி மீனவர்களிடம் சொல்லிப் பிடித்து அனுப்பியவை. எங்கள் ஊரில் கடலைப் பார்க்காதவர்கள்தான் அதிகம். நர்சுகள் ஊசி போடப் பயப்படும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் அந்தத் தொட்டியைக் காட்டி அழுகையை நிறுத்துவார்கள்.

கடல் தண்ணீருக்காக அவர் மாதம் ஒருமுறை மெட்ராஸ் போவார். மீனவர்களிடம் சொல்லி, கரையோரத்தில் இல்லாமல் உள்கடலில் மொண்டு வரச் செய்து, பிளாஸ்டிக் கேன்களில் நிரப்பி பாசஞ்சர் ரயிலில் ஏற்றிக்கொண்டு வருவார். ஆஸ்பத்திரி வேன் மருந்து வாங்க மெட்ராஸ் போகும். அதில் ஒரு கேன்கூட ஏற்ற மாட்டார். "அது நோயாளிங்க வண்டி" என்பார். லேபில் நாங்கள் காய்ச்சி வடித்து எடுக்கும் டிஸ்டில்ட் வாட்டரிலும் அப்படித்தான். ஒரு நாள் நானே கேட்டேன்.

"மிஞ்சிப்போன தண்ணி தினமும் கீழதான் ஊத்துறோம் சார். அத தொட்டிக்கு எடுத்துக்கக் கூடாதா?"

"மிஞ்சாத அளவுக்கு வடிங்க, எஸ்தர்."

கோடைக்காலத்தில் தொட்டியில் தண்ணீர் தினமும் கண்ணுக்குத் தெரியக் குறையும். குறைந்த அளவுக்கு அவர் கடல் தண்ணீரை ஊற்ற மாட்டார், நல்ல தண்ணீரைத்தான் ஊற்றுவார். ஏன் என்று கேட்டதற்கு, "ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான். உப்பும் மத்ததும் உள்ளேயே நிக்கும். மறுபடியும் கடல் தண்ணியே ஊத்தினா உப்பு ஏறிட்டே போகும்" என்று விளக்கினார். நல்ல தண்ணீருக்கு எங்கள் காம்பவுண்டு கிணறு இருந்தது. சுற்றுப்பட்டில் ஷாப்புக் கழிவு இறங்கிக் கிணறு கிணறாக உப்புக் கரிக்கத் தொடங்கிய காலம் அது. எங்கள் கிணறு மட்டும் தித்திப்பாக இருந்தது. வெளியிலிருந்து குடத்தோடு வந்து கேட்டு வாங்கிப் போவார்கள். எங்களுக்கு அதில் ஒரு பெருமை.

முடிப்பாசி எப்போது வந்தது என்று தெரியாது. முதலில் ஒரு பவளத் துண்டின் மேல் பச்சை நிழல்போல் இருந்தது. பிறகு விரல் நீளத்துக்கு வளர்ந்து, காற்றுக் குமிழி எழும்பும் பக்கமாகத் தலைமுடிபோல் அலைந்தது. அடுத்த மாதம் கல் எது, சிப்பி எது என்று தெரியவில்லை. கடல் சாமந்தியைச் சுற்றி வளைத்துக்கொண்டதில் அது விரியாமல் சுருங்கியே கிடந்தது.

டாக்டர் அதையும் ஒரு நோயாளியைப்போலவே பார்த்தார். சனிக்கிழமை மாலை என்னையும் கூப்பிடுவார். என் வீடு அடுத்த குவார்ட்டர்ஸ்தான். பழைய பல் பிரஷ்ஷைப் பாசிக்குள் விட்டு முறுக்கினால் சிக்கெடுப்பதுபோல் சுருண்டு வரும். அறுந்த துண்டு ஒன்றுகூட மிதக்காமல் மெல்லிய ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும், இல்லையென்றால் விழுந்த இடத்தில் அது முளைக்கும். கல்லை வெளியே எடுத்துத் தேய்ப்பதானால் கடல் தண்ணீரில் வைத்துத்தான் தேய்க்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் பட்டால் கல்லில் குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்துவிடும். இறால் துணுக்கை ஒரு வேளையாகக் குறைத்தார். ஆம்பூர் பஜாரில் கறுப்புத் துணி வாங்கித் தொட்டியைச் சில நாள் மூடி வைத்தார். பாசி வெளுத்து, பாதி அழுகி, துணியை எடுத்த பிறகு திரும்பவும் பச்சை கட்டியது.

கம்பவுண்டர் ஒரு நாள் சொன்னார். "மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுங்க சார். ஒரே நாள்ல செத்துப்போய்டும்."

"பாசி மட்டுமா சாகும்? நத்தையும் சாமந்தியும் முதல்ல சாகும். அது சரி, இதுக்குச் சோறு எங்கிருந்து வருது, அதச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். பாசி சும்மா வளராது, உரம் இருந்தால்தான் வளரும். தொட்டித் தண்ணீரை லேபுக்குக் கொண்டுவரச் சொல்லி நைட்ரைட் பார்க்கச் சொன்னார். சிறுநீருக்கு வைத்திருந்த மருந்தை வைத்தே பார்த்தேன். இருந்தால் வர வேண்டிய இளஞ்சிவப்பு வரவில்லை. அதற்கு அடுத்த படியான நைட்ரேட்டைப் பார்க்கலாம் என்றால், அப்போது எங்களுக்குத் தெரிந்த முறை கடல் தண்ணீருக்கு ஒத்து வராது. உப்பு நிறத்தைக் கெடுத்துவிடும். அதோடு விட்டுவிட்டோம். புதுக் கடல் தண்ணீர் மாற்றிய வாரம் பாசி அடங்கும், அடுத்த மூன்று வாரம் திரும்பவும் பொங்கும். அந்த மூன்று வாரமும் தொட்டிக்குள் போனது எது என்று நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அந்தத் தண்ணீரைத்தானே எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தோம்.

ஆஸ்பத்திரி வேன் டிரைவர் முனிரத்தினமும் காம்பவுண்டுக்குள்ளேயே குடியிருந்தார். பேரணாம்பட்டுப் பக்கத்து ஊர்க்காரர். கல்யாணமாகி நெடுநாள் கழித்து அவர் மனைவி கோகிலாவுக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பெண் குழந்தை பிறந்தது. சுமதி என்று பெயர் வைத்தார்கள். பிரசவத்துக்குப் பின் கோகிலாவுக்கு மார்பில் கட்டி வந்து அறுக்க வேண்டியதாயிற்று. பால் வற்றிவிட்டது. டாக்டர் டின் பால் எழுதிக் கொடுத்தார். நானும் அங்கே நின்றிருந்தேன்.

"தண்ணிய நல்லா கொதிக்க வெச்சு ஆற வெச்சுத்தான் மாவு கலக்கணும். பாட்டிலையும் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுங்க. அதுல மட்டும் சோம்பல் படாதீங்கம்மா" என்றார்.

கோகிலா சோம்பல் படும் பெண் இல்லை. அவள் வீட்டு அடுப்பில் எப்போதும் அந்தப் பாத்திரம் இருக்கும். நடுவில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. கிருமிதான் காரணம் என்று பயந்து இன்னும் அதிக நேரம் கொதிக்க வைத்தாள்.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டு வேளையில் முனிரத்தினம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். குழந்தையின் உதடும் நகமும் சாம்பல் கலந்த நீலமாக இருந்தன. இரண்டு நாளாகவே கொஞ்சம் நிறம் மங்கலாக இருந்ததாம், குளிர் என்று நினைத்திருக்கிறார்கள். நெஞ்சில் சளிச் சத்தமில்லை. இதயத்திலும் டாக்டருக்குக் கோளாறு எதுவும் கேட்கவில்லை. ஆக்சிஜன் வைத்தார்கள். நீலம் கொஞ்சம்கூடக் குறையவில்லை. குழந்தை அழாமல் கண்ணை மூடிமூடித் திறந்துகொண்டிருந்தது.

குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தேன். அதைச் சிவப்பு என்று சொல்ல முடியாது. காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. டாக்டரைப் பார்த்தேன். "உங்க ரத்தம் ஒரு சொட்டு எடுங்க" என்றார். என் விரலைக் குத்தி வடிதாளில் ஒரு சொட்டு விட்டு, பக்கத்தில் குழந்தையின் சொட்டை விட்டேன். தாளைக் காற்றில் ஆட்டினேன். என்னுடையது பளிச்சென்று சிவந்தது. குழந்தையுடையது பழுப்பாகவே நின்றது.

"இதயம் இல்ல. ரத்தம் ஆக்சிஜனை ஏத்துக்க மாட்டேங்குது" என்றார். பிறகு மெதுவாக, "எஸ்தர், மெத்திலீன் ப்ளூ ஊசி நம்மகிட்ட இருக்கா?" என்றார்.

அதற்கு மாற்று மருந்து அதுதான். ஊசியாக எங்களிடம் இல்லை. லேபில் ஸ்லைடுக்குச் சாயமிடும் மெத்திலீன் ப்ளூ ஒரு பாட்டில் இருந்தது. அதை எடுத்துக் காட்டினேன். கைகளைப் பின்னால் கட்டியபடி அதையே பார்த்தார். சாயத்துக்கான பொடியில் வேறு என்னென்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதைக் கைக்குழந்தையின் ரத்தத்தில் ஏற்ற முடியாது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு டிரங்க் கால் போட்டார். லைன் கிடைக்கவில்லை. இன்னொரு முறை போட்டார். "வண்டிய எடுங்க, முனிரத்தினம்" என்றார்.

வண்டி ஓட்டத் தெரிந்தவர் ஆஸ்பத்திரியில் அவர் ஒருவர்தான்.

கோகிலாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டோம், கட்டியை அறுத்ததில் வந்த காய்ச்சல் அவளுக்கு இன்னும் விடவில்லை. வேனின் பின்பக்கம் நானும் டாக்டரும். குழந்தை என் மடியில். ஆக்சிஜன் முகமூடியை டாக்டர் பிடித்திருந்தார். எங்கள் இருவருக்கும் முன்னால், ஒரு கம்பித் தடுப்புக்கு அப்பால், முனிரத்தினத்தின் பின்கழுத்து தெரிந்தது. லாரிகள் அடைத்துக்கொண்டு நின்ற ரோட்டில் ஹாரனில் கை வைத்தபடியே ஓட்டினார்.

பள்ளிகொண்டா தாண்டிய கொஞ்ச நேரத்தில் குழந்தையின் மூச்சு நின்றது. டாக்டர் நெஞ்சை அழுத்திப் பார்த்தார், வாயில் வாய் வைத்து ஊதினார். சத்தமில்லாமல் செய்தார். பிறகு குனிந்து காதை வைத்துக் கேட்டார். முகமூடியை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சார், கொளந்த இன்னா பண்ணுது? அழவே இல்லியே?" முனிரத்தினம் திரும்பிப் பார்க்காமல் கேட்டார். எதிரில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது.

"தூங்குது. நீங்க ரோட்டப் பாருங்க" என்றார் டாக்டர்.

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். வேலூர் வரை அந்த முகமூடியை அவர் கையிலிருந்து இறக்கவில்லை. நானும் குழந்தையின் தலையைத் தாங்கியபடி அசையாமல் இருந்தேன். அந்தப் பயணத்தை இப்போது நினைத்தாலும் என் இடது கை மரத்துப்போகிறது.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்ற பிறகுதான் டாக்டர் இறங்கிப் போய் முனிரத்தினத்தின் தோளைப் பிடித்துச் சொன்னார்.  முனிரத்தினம் ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் வந்து பார்த்து, ரத்தத்தையும் பார்த்து, எங்கள் டாக்டர் நினைத்தது சரிதான் என்றார். "தண்ணியில நைட்ரேட் ஜாஸ்தி இருந்தா கைக்குழந்தைக்கு ரத்தம் இப்படி ஆகும். வீட்டுத் தண்ணிய டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்றும் சொன்னார். திரும்பும்போதும் முனிரத்தினம்தான் ஓட்டினார். டாக்டர் முன்பக்கம் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். 

மறுநாள் குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்ததும் டாக்டர் நேரே லேபுக்கு வந்தார். ஃபீனாலும் கந்தக அமிலமும் சேர்த்துக் காய்ச்சி, நைட்ரேட்டைக் காட்டும் மருந்தை இரண்டு பேரும் தயாரித்தோம். மூன்று பீங்கான் கிண்ணங்கள். ஒன்றில் டிஸ்டில்ட் வாட்டர், ஒன்றில் ஒப்பிட்டுப் பார்க்க ஷாப்புகள் இல்லாத மலையடிவாரத்திலிருந்து கொண்டுவந்த கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீர். சுண்ட வைத்து, அடியில் படிந்த வெள்ளைப் பொடியில் மருந்தை விட்டுக் கரைத்து, கடைசியில் அம்மோனியா சேர்க்க வேண்டும். நைட்ரேட் இருந்தால் மஞ்சள் வரும். முதல் கிண்ணம் நிறமில்லாமல் இருந்தது. இரண்டாவது எலுமிச்சைச் சாற்றின் நிறத்தில் லேசாக மாறியது. மூன்றாவது மஞ்சள் கரைத்ததுபோல் ஆனது. எவ்வளவு என்று பார்க்க, அளவு தெரிந்த நைட்ரேட் கரைசலோடு ஒப்பிட்டேன். பல மடங்கு நீர்க்கச் செய்த பிறகுதான் ஒப்பிடவே முடிந்தது.

நானே அவரிடம் சொன்னேன். "இன்னொரு தடவை பாக்கட்டுமா சார்?"

"வேண்டாம்" என்றார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். லேபில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "நான் கொதிக்க வைக்கச் சொன்னேன், எஸ்தர்" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். அந்தப் பெண் பாத்திரத்தை எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாளோ அவ்வளவுக்கு மிச்சத் தண்ணீரில் விஷம் ஏறியிருக்கிறது. பெரியவர்கள் வயிறு அதைத் தாங்கிக்கொள்ளும், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அது எட்டாது. புட்டிப்பால் குடித்த குழந்தை அந்தக் காம்பவுண்டில் சுமதி ஒருத்திதான். ஒரு வருடமாக அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதைத் தொட்டியில் பாசி காட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை தோறும் நாங்கள் அதைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தோம்.

அன்று மாலை டாக்டர் முனிரத்தினத்தின் வீட்டுக்குப் போனார். என்னையும் வரச் சொன்னார். நாற்காலி போட்டார்கள், அவர் தரையில் உட்கார்ந்தார். தண்ணீரில் இருந்ததைச் சொன்னார். "கொதிக்க வெச்சுக் குடுங்கன்னு சொன்னது நான்தான். அது தப்பாப் போச்சு" என்றார்.

முனிரத்தினம் கேட்டார். "கொதிக்க வெச்சா கிருமி செத்துடும்னுதானே சொல்வாங்க சார்?"

"கிருமி சாகும். இது கிருமி இல்ல. தண்ணி சுண்டச் சுண்ட இது கூடும்."

கோகிலா சுவரில் சாய்ந்திருந்தாள். "நான் பாதியாவற வரைக்கும் வெச்சேன்" என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "வயித்தால போனப்பறம் இன்னும் ஜாஸ்தி நேரம் வெச்சேன். நல்லாவணும்னு."

விளக்கு வைக்கும் நேரமாகியும் எங்களால் எழுந்து போக முடியவில்லை. 

கிணற்றை மூட வேண்டும் என்று அவர் கமிட்டியில் கேட்டார். கமிட்டி சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஊருக்கே தெரிந்த தித்திப்புக் கிணறு அது. அதை விட்டால் உப்புத் தண்ணீர்தான். கமிட்டியில் ஷாப்பு நடத்தும் ஒருவர் இருந்தார், மற்ற விஷயங்களில் நல்ல மனிதர், ஏழை நோயாளிகளுக்கு நிறையச் செய்தவர்.

"எங்க ஷாப்புத் தண்ணி அந்தப் பக்கமே வராது டாக்டர். ஓடை இங்க இருக்கு, கிணறு எங்க இருக்கு?"

"எங்கிருந்து வந்துச்சுன்னு நான் சொல்லல. வந்திருக்குன்னு மட்டும் சொல்றேன்" என்றார் டாக்டர்.

எங்கிருந்து வந்தது என்று கடைசி வரை தெரியவில்லை. காம்பவுண்டுக்குப் பின்னாலிருந்த தென்னந்தோப்பில் ஷாப்புகளிலிருந்து தோல் சவ்வையும் சுண்ணாம்புச் சேற்றையும் எருவாகக் கொட்டுவார்கள். எங்கள் கக்கூஸ் குழியும் அங்கேதான் இருந்தது. இரண்டுமாகவும் இருக்கலாம்.

கிண்ணத்தில் தெரிந்த மஞ்சளை யாரும் நம்பவில்லை என்பதால் டாக்டர் வேறொன்று செய்தார். இரண்டு பிஸ்கட் ஜாடிகள் வாங்கி, ஒரே கேன் கடல் தண்ணீரை இரண்டிலும் ஊற்றினார். இரண்டிலும் ஒரே அளவு முடிப்பாசி ஒட்டிய கல். வெயில் படும் ஜன்னலில் மூடாமல் வைத்தார். குறையக் குறைய ஒன்றில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன், மற்றதில் கூரையிலிருந்து பிடித்து வைத்த மழைத் தண்ணீரை ஊற்றினேன். கோடை முடிவதற்குள் ஒரு ஜாடி உள்ளே எதுவும் தெரியாதபடி பச்சையாக அடைத்துக்கொண்டது. மற்றதில் பாசி வெளிறி, அறுந்து, கல் வெறும் கல்லாகத் தெரிந்தது. இரண்டையும் கமிட்டி மேசையில் வைத்தார். பேச்சு அதிகம் நடக்கவில்லை. கிணற்றில் குடிக்க எடுப்பதை நிறுத்தினார்கள். மலையடிவாரத்திலிருந்து டிராக்டரில் தண்ணீர் வரத் தொடங்கியது. ஊசிக்கான மெத்திலீன் ப்ளூவும் வாங்கி வைத்தோம். பிறகு பக்கத்து ஊர்களிலிருந்து அதே நீலத்தோடு வந்த குழந்தைகளில் ஒன்றுக்கு அந்த ஊசி உதவியது. இன்னொன்று எங்களிடம் வந்து சேரும்போதே உயிரில்லை.

டாக்டர் வீட்டுத் தொட்டிக்கும் மழைத் தண்ணீர்தான். கையால் பிடுங்குவதை விடாமல் செய்தோம். மழைக்காலம் முடியும்போது முடிப்பாசி போய்விட்டது. கடல் சாமந்தி முழுதாக விரிந்தது. ஆனால் டாக்டர் அதன் முன்னால் உட்காருவதை நிறுத்திவிட்டிருந்தார். விளக்கைப் போடுவார், தீனி போடுவார், போய்விடுவார். கொஞ்ச நாளில் மீன்களை வேலூரில் ஒரு கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார். சில வருடம் கழித்து ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். அங்கே கடலுக்குப் பக்கத்திலேயே வீடு என்று கேள்விப்பட்டேன்.

கமிட்டிக் கூட்டம் முடிந்ததுமே அந்த இரண்டு ஜாடிகளையும் வெளிநோயாளிகள் பகுதியில் ஒரு மேசையில் வைக்கச் சொல்லியிருந்தார். புட்டிப்பால் கொடுக்கும் தாய்மாருக்குக் காட்ட வேண்டும், எந்தக் கிணற்றுத் தண்ணீரானாலும் சோதித்த பிறகுதான் குழந்தைக்கு என்று சொல்ல வேண்டும். அந்த வேலை என்னுடையது.

ஒரு நாள் காலை கோகிலா வந்தாள். குழந்தை போன பிறகு வீட்டை விட்டு வெளியே வராமலிருந்தவள் அப்போதுதான் நடமாடத் தொடங்கியிருந்தாள். மருந்துச் சீட்டு வாங்க வரிசையில் நின்றவள் மேசையைப் பார்த்து அருகில் வந்தாள்.

"இது இன்னாக்கா?"

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். முடியவில்லை. இதில் மழைத் தண்ணீர், இதில் நம் கிணற்றுத் தண்ணீர் என்று சொன்னேன்.

பச்சை ஜாடியைத் தொட்டாள். கண்ணாடியில் விரலை வைத்து, உள்ளே நெருக்கமாக நின்ற பாசியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"சுமதிக்குக் குடுத்த அதே தண்ணிதானே?"

"ஆமாம்மா."

"இது மட்டும் எவ்ளோ நல்லா வளந்திருக்கு பாருக்கா" என்றாள்.